இரண்டு பஞ்சாங்கமும் ஒரு கரையும்

பதினோராவது தேதியும் ஊற்றிக்கொண்டது.

நளினி வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள். ஆதிநாராயணன் வரப்பில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவர் தலையைச் சொறிந்தால் அன்றைய தேதி போயிற்று என்று அர்த்தம். நாலு மாதப் பழக்கத்தில் அவளுக்கு இது அத்துப்படி. பின்னாலேயே ஜேசிபியை ஓடைவரை உருட்டிக்கொண்டு வந்த நாகேந்திரன், இன்ஜினை அணைக்கலாமா வேண்டாமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. நம்ம வூட்டுக்காரி கிருஷ்ணம்மா இன்னைக்கு வர்ஜ்யம்னு ஒரு கெட்ட நேரம் பாத்துட்டா. பத்தேகாலுக்குப் பிடிக்குதாம். பன்னெண்டு வரைக்கும் கீதாம்."

"பத்தரைக்கு நல்ல நேரம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"அது நம்ம பஞ்சாங்கம். இது அவ பஞ்சாங்கம்."

நளினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால். அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

"அப்போ இப்பவே வெட்டிடலாம்ணா. வர்ஜ்யம் பிடிக்க இன்னும் அரை மணி நேரம் கீது. வண்டியும் ரெடியா கீது. நாகேந்திரா, எடு!"

"நிறுத்து, நிறுத்து!" ஆதிநாராயணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஜேசிபிக்குக் குறுக்கே போய் நின்றார். "வியாழக்கிழமை ஒம்பதிலருந்து பத்தரை குளிகைம்மா! குளிகைல எது நடந்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும். அதான் பொணம்கூட அந்நேரத்துல எடுக்க மாட்டாங்க. இப்போ கரைய ஒடச்சா, வருஷா வருஷம் ஒடையும்."

"அதாண்ணா எனக்கு வேணும்! வருஷா வருஷம் ஒடையட்டும்! அதுக்குத்தானே இவ்ளோ பாடு!"

"வெளையாட்டுக்குக்கூட அப்டிச் சொல்லாதம்மா," என்றார் அவர். முகம் நிஜமாகவே வெளிறிப்போயிருந்தது. நாகேந்திரன் இன்ஜினை அணைத்தான்.

போதும்டா சாமி என்றிருந்தது நளினிக்கு.

இத்தனைக்கும் வேலை அரை மணி நேர வேலை. நகரிக்குக் கிழக்கே மலையடிவாரத்திலிருந்து வரும் பந்தலேறு என்கிற ஓடை, ஆதிநாராயணனின் நிலத்தை ஒட்டிப் போகிறது. ஓடைக்கும் அவருடைய ஒன்றரை ஏக்கர் பள்ளக் கழனிக்கும் நடுவில், மார்பு உயரத்துக்கு ஒரு மண் கரை. அதில் ஒரே ஒரு இடத்தில் இருபதடி அகலத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஏறிக் கழனியில் பரவும். அவ்வளவுதான். மலையைப் புரட்டச் சொல்லவில்லை.

வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது நளினிக்கு மட்டும்தான் தெரிந்தது போலிருந்தது. அவள் திருத்தணிக்காரி. மீன்வளம் படித்துவிட்டு, ஓடைகளைச் சீர்செய்கிற ஒரு சின்ன அறக்கட்டளைக்காகப் புத்தூரில் வாடகை வீடு பிடித்துத் தங்கியிருந்தாள். பந்தலேற்றுக் கெளுத்தி முதல் வெள்ளத்தில்தான் முட்டை போடும். அதுவும் ஓடும் தண்ணீரில் போடாது. வெள்ளத்தோடு பக்கத்துப் பள்ளத்தில் ஏறி, முழங்கால் ஆழத்தில், புல்லுக்கு நடுவே போடும். குஞ்சு அங்கேயே வளர்ந்து, தண்ணீர் வடியும்போது ஓடைக்குத் திரும்பும். ஏறுவதற்கு இருந்த கடைசிப் பள்ளம் இந்த ஒன்றரை ஏக்கர்தான். கரை வந்த பிறகு, ஏறப் பார்த்த மீன் முட்டிப் பார்த்துவிட்டு ஓடையிலேயே முட்டையைக் கொட்டியது. அதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. 

இரண்டு வருடமாக அவள் வலையில் ஒரு கெளுத்திக் குஞ்சுகூடச் சிக்கவில்லை. பாலத்தடி மடுவில் மிச்சமிருந்ததெல்லாம் வயசான மீன். எண்ணிக்கூடப் பார்த்துவிட்டாள். நாற்பத்தொன்று. இந்த மழைக்கும் ஏற முடியாவிட்டால் அடுத்த மழையைப் பார்க்க அதில் பாதிகூட இருக்காது. பிறகு ஓடை முழுக்க ஜிலேபி மீன்தான். "நகரி மார்க்கெட்ல குஞ்சு வாங்கிக் கொட்டிட்டாப் போச்சே, போட்டோவும் நல்லா வரும்," என்று திருப்பதி ஆபீசிலிருந்து ஹேமநாத் ஒருமுறை சொன்னார். அவர் அவளுடைய மேலதிகாரி என்பதால் அன்றைக்கு உயிரோடு தப்பினார்.

ஆதிநாராயணன் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அதுதான் கொடுமை. மனுஷன் கேட்டவுடன் ஒப்புக்கொண்டவர். "ஜிலேபி துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சும்மா. கெளுத்திக் கொழம்பு துன்னு நாலு வருஷம் ஆவுது. நீ ஒடச்சுக்கோ," என்று சொல்லிக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவருடைய வீடும் மாட்டுக்கொட்டகையும் வேர்க்கடலைக் கொல்லையும் நனையக் கூடாது என்று, கழனிக்கு இந்தப் பக்கம் இன்னும் உயரமாக ஒரு உள்கரையை வைகாசியிலேயே கட்டிக் கொடுத்தாயிற்று. அதற்கு ஒரே வாரத்தில் முகூர்த்தம் கிடைத்தது. கட்டுவதற்குக் கிடைத்த நல்ல நேரம் உடைப்பதற்குத்தான் கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் பஞ்சாங்கம் இரண்டு. அவருடையது தமிழ். கிருஷ்ணம்மாவுக்குப் பிறந்த வீடு காளஹஸ்திப் பக்கம் என்பதால், அவள் ஆணியில் மாட்டியிருப்பது தெலுங்கு. ஜூன் கடைசியில் கேட்டால் அவளுக்கு ஆஷாடம், மண்ணில் கைவைக்கக் கூடாது. ஆஷாடம் முடிவதற்குள் அவருக்கு ஆடி பிறந்துவிட்டது, அதிலும் கூடாது. ஆவணியில் ஒரு தேதி கிடைத்தது, பங்காளி ஒருத்தர் செத்துப்போய்த் தீட்டு வந்தது. இன்னொரு தேதி கிடைத்தது, அன்றைக்கு அவருக்குச் சந்திராஷ்டமம். அப்புறம் மகாளய பட்சம். அப்புறம் புரட்டாசி. ராகுகாலமும் எமகண்டமும் குளிகையும் போக மிச்சமிருக்கும் நேரத்தில் வர்ஜ்யமும் துர்முகூர்த்தமும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம் என்று எவன் சொன்னது என்று நளினி ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். கிழவர் யோசித்துவிட்டு, "நல்ல நேரம்னு பாத்தா மூணு, மூணரை மணி தேறும்," என்றார்.

இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை. ஜேசிபி திரும்பிப் போனதும் நேராக வீட்டுக்குள் போனாள். கிருஷ்ணம்மா முறத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பஞ்சாங்கத்தக் கழட்டி என்கிட்ட குடுங்க. மழை முடிஞ்சதும் திருப்பித் தரேன். என் உயிர வாங்கறீங்க ரெண்டு பேரும். மேகம் எறங்கிக்கினு கீது, உங்களுக்குக் கண்ணு தெரியலையா? வெள்ளம் நல்ல நேரம் பாத்துக்கினா வரும்?"

கிருஷ்ணம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வாசலை எட்டிப் பார்த்தாள். ஆதிநாராயணன் கொட்டகையில் இரண்டு மாடுகளுக்கும் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"கூச்சோ," என்று தெலுங்கில் சொல்லிப் பலகையை நகர்த்திப் போட்டாள். "இந்த ஆளு முன்ன நேரமே பாக்க மாட்டாரு, தெரியுமா? எங்க கல்யாணத்துக்கே லேட்டா வந்தாரு. நாலு வருஷம் முன்ன வெள்ளம் வந்துச்சே, அன்னைக்கு காப்பாத்த வந்தவங்க கெளம்பு கெளம்புன்னு கத்தறாங்க. டார்ச் அடிக்கறாங்க, கையப் பிடிச்சு இழுக்கறாங்க. ஓடுனோம். ரோட்டுக்குப் போனப்புறம்தான் இவருக்கு நெனப்பு வந்துச்சு, செவலைய அவுக்கலைன்னு."

"செவலைன்னா?"

"மாடு. சினை மாடு. கட்டுத்தறியிலயே..." கிருஷ்ணம்மா ஒரு கடலையை உடைத்தாள். "தண்ணி வடிஞ்சு வந்து பாத்தப்ப, கயிறு மட்டும் அறுபடல. அந்த மாசமே தனியா நின்னு இந்தக் கரையப் போட்டாரு. பஞ்சாங்கமும் அப்புறம்தான். நேரம் பாக்கறது சாமிக்காக இல்லம்மா. யாராச்சும் சீக்கிரம் சீக்கிரம்னா இவருக்குக் கை நடுங்கும். வர்ஜ்யம்னு சொன்னா நிம்மதியா உக்காந்துக்குவாரு. நானும் தேடித் தேடிப் பாத்து ஒண்ணு சொல்லிடுவேன்."

நாலு மாதமாக நளினி அந்த மனிதரிடம் பேசியதெல்லாம் ஒரே வார்த்தை. சீக்கிரம்ணா, சீக்கிரம்ணா. வெட்கமாக இருந்தது. அதே மூச்சில் எரிச்சலாகவும் இருந்தது. இதை ஜூன் மாதமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த அக்கா? சரி, அவருக்குக் கை நடுங்கும். மடுவில் இருக்கிற நாற்பத்தொன்று யாரிடம் போய்ச் சொல்லும்?

ஆனாலும் அன்றைக்கு அவள் குரலை உயர்த்தவில்லை. கொட்டகைக்குப் போய், "நீங்களே ஒரு நாள் சொல்லுங்கண்ணா," என்றாள். அவர் இரண்டு பஞ்சாங்கத்தையும் மடியில் விரித்துவைத்து, கண்ணாடி போட்டு, விரல்விட்டு எண்ணி, கிருஷ்ணம்மாவையும் கேட்டு, வருகிற திங்கட்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் என்றார். இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போன ஒரு மணி நேரம். நளினி அதைத் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டாள்.

ஹேமநாத்துக்குச் சொன்னதுதான் தவறு. உடனே அவர் அதை விழாவாக்கிவிட்டார். ஷாமியானா, முப்பது நாற்காலி, நகரியிலிருந்து பெரிய மனிதர் இரண்டு பேர். சனிக்கிழமை மட்டும் ஆறு தடவை போன் செய்தார்.

"நளினி, ரிப்பன் எங்க கட்றது? கரையில குச்சி நட்டுக் கட்லாமா?"

"கட்டுங்க சார்."

"மீன் அந்த டைமுக்குக் கரெக்டா ஏறுமா? போட்டோகிராஃபர் பத்தரைக்குக் கெளம்பிடுவான்."

"மீன்கிட்ட சொல்லி வைக்கறேன் சார்," என்று போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகரி மலைப்பக்கம் கறுத்தது. புத்தூரில் ஒரு பொட்டு மழை இல்லை. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது கிருஷ்ணம்மாவின் போன் வந்தது. மூன்றே கால் மணி.

"நளினிம்மா, மேல பலமாப் பேஞ்சிருக்குது. பந்தலேறு பொங்கி வந்துடுச்சு. செவப்புத் தண்ணி. கரைக்குப் பாதி ஏறிடுச்சு. நீ வா."

திங்கட்கிழமைக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம். மலை ஓடையில் வெள்ளம் ஐந்து மணி நேரம் நின்றால் பெரிது. விடிவதற்குள் வடிந்து, மீன் ஓடையிலேயே முட்டையைக் கொட்டி முடித்திருக்கும். நாகேந்திரனுக்குப் போன் போட்டாள். அவன் வண்டியோடு சத்தியவேட்டில் இருந்தான். பன்னிரண்டு கிலோமீட்டரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வண்டியை ஓட்டினாள். மலையை, மழையை, ஹேமநாத்தை, பஞ்சாங்கம் அச்சடித்தவனை, கடைசியில் கெளுத்தியையும். அதுக்கென்ன, ஒரு நாள் பொறுத்து ஏறினால் குறைந்தா போகும்?

வேப்பமரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடினாள். ஷாமியானா ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதைத் தாண்டி, கரையின் நடுவில், ஹேமநாத் நட்டுவைத்த ரிப்பன் குச்சிக்கு நாலடி தள்ளி, ஆதிநாராயணன் மண்டியிட்டிருந்தார். உடம்பெல்லாம் சேறு. கரையில் எலி வளை ஒன்று வாய் திறந்து, அதன் வழியாகத் தண்ணீர் கழனிப்பக்கம் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி அதில் திணித்து அடைத்துக்கொண்டிருந்தார்.

நளினிக்கு அழுகையே வந்துவிட்டது. அட பாவி மனுஷா! நாலு மாதம் கெஞ்சி நடக்காத வேலையை ஒரு எலி செய்து கொடுத்திருக்கிறது, அதையும் அடைக்கிறீரே! கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அவர் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து விரல்வரை தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமான வேலை. நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு, கரைமேல் அவருக்குப் பத்தடி தள்ளி, ஈரத்திலேயே உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சொல்லப்போவதற்குக் காத்திருந்ததுபோல இருந்தது.

அவர் மறுபடி குனிந்து, ஓடைப்பக்கம் கையை விட்டு ஒரு கை சேறு அள்ளினார். "ஸ்ஸ், சனியனே!" என்று கையை உதறினார். சேற்றோடு சேர்ந்து ஒரு கெளுத்தி வந்திருந்தது. முள்ளு உள்ளங்கையில் ஏறியிருந்தது. மீசை ஆட, முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு, கர் கர் என்று சத்தம் போட்டது. வயிறு பந்தாக உப்பியிருந்தது. முட்டை.

அப்போதுதான் இருவரும் ஓடைப்பக்கத்தைச் சரியாகப் பார்த்தார்கள். கரையோரச் செந்தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருந்தது. மீன். எலி வளை இருந்த இடத்தில் வந்து வந்து முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று துள்ளிக் கரைச் சரிவில் விழுந்து, வழுக்கித் தண்ணீருக்கே திரும்பியது. அதுவே மறுபடி துள்ளியது.

ஆதிநாராயணன் முள்ளைப் பிடுங்கி, கெளுத்தியைத் தண்ணீரில் விட்டார். கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. எழுந்தார். கரையிலிருந்து இறங்கி, கழனியைத் தாண்டி, வீட்டைப் பார்த்து நடந்தார்.

போச்சு, மண்வெட்டி எடுத்து வரப் போகிறார், மொத்தமாக அடைத்துவிட்டுத்தான் ஓய்வார் என்று நளினி நினைத்தாள். எழுந்து போய்க் காலால் ஒரு உதை விட்டால் அந்த வளை விரிந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கால் எழுந்தேவிட்டது. ஆனால் இது அவர் போட்ட கரை. அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் உள்கரையை ஏறிக் கடந்தார். மண்வெட்டி சாத்தியிருந்த சுவரைத் தாண்டிப் போனார். கொட்டகைக்குள் நுழைந்தார். முதல் மாட்டின் கயிற்றை அவிழ்த்தார். அவசரமே இல்லாமல், முடிச்சு முழுசாகப் பிரிகிறவரை நின்று அவிழ்த்தார். பிறகு இரண்டாவதை. இரண்டு கயிற்றையும் கிருஷ்ணம்மா கையில் கொடுத்து, "ரோட்டுக்கு ஓட்டிக்கினு போ. மெதுவாப் போ," என்றார். அவள் மேடேறித் தார்ச்சாலையில் போய் நிற்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் திரும்பினார்.

அதற்குள் அவர் அடைத்த சேறு கரைந்து, வளை ஒரு முழம் அகலமாகியிருந்தது. அவர் கரைமேல் வந்து நளினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழம் இரண்டு முழமாயிற்று. மேல்மண் விரிசல்விட்டு, ஒரு பாளம் பொத்தென்று விழுந்தது, ஹேமநாத்தின் ரிப்பன் குச்சியோடு. தண்ணீர் அகலமாகப் புரண்டு பள்ளத்தில் இறங்கியது. அதன் முதுகிலேயே கெளுத்திகள் ஏறின. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. உள்கரை அசையாமல் நின்றது. நளினியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் வெட்டலம்மா," என்றார் அவர். "அடைக்காம வுட்டேன். அதுக்கு முகூர்த்தம் வேணாம்."

"வேணாம்ணா."

மடியில் போன் அடித்தது. ஹேமநாத். ஏழாவது தடவை. அவள் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "மணி எவ்ளோ?"

அவள் சேற்றைத் துடைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு பத்து."

ஆதிநாராயணன் விரலை மடக்கினார். ஞாயிற்றுக்கிழமை. மூன்றிலிருந்து நாலரை. மடக்கிய விரல் அப்படியே நின்றது. அது நடுங்கவில்லை என்பதை நளினி கவனித்தாள். அவர் வாய் கோணி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"குளிகை," என்றார். "வருஷா வருஷம் ஒடையும் போ."